லே, பாங்காங், இரண்டரை வயதுப் பையன்: மே மாதப் பயணத்துக்கு யோசனை சொல்லுங்கள்

திருப்பாலை_அப்பா | ஜனவரி 4

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாக நிலக்காட்சிப் படங்கள் எடுக்கிறேன். விடிகாலை யானைமலை, கீழக்குயில்குடி தாமரைக் குளத்தில் விழும் சமணர் மலையின் நிழல், மழைக்கு முன்னால் அழகர்மலை மேல் இறங்கும் மேகம் என்று நம் ஊரைச் சுற்றி எடுத்ததுதான் எல்லாம். பனி மூடிய மலையை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. இந்த மே மாதம் போயே தீர வேண்டும் என்று இருக்கிறேன்.

மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டரை. ஒரு டிராவல்ஸில் ஆறு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார்கள். டெல்லியிலிருந்து விமானத்தில் லடாக்கில் உள்ள லே, மறுநாள் கர்துங் லா கணவாய் வழியாக நூப்ரா பள்ளத்தாக்கு, அங்கே ஓர் இரவு, அடுத்து பாங்காங் ஏரிக்கரைக் கூடாரத்தில் ஓர் இரவு, திரும்ப லே. பாங்காங்கில் சூரிய உதயம் எடுக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய ஈர்ப்பு. "சின்னவனுக்கு ஒத்துக்குமா?" என்று மனைவி கேட்கிறாள். டிராவல்ஸில் "நிறைய பேர் குழந்தையோடு போறாங்க சார்" என்கிறார்கள்.

கையில் 24-105, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-200 என்று இரண்டு லென்ஸும் ஒரு ட்ரைபாடும் இருக்கின்றன. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகமலை | ஜனவரி 4

தம்பி, இந்தத் திட்டம் வேண்டாம். லடாக் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த ஆறு நாள் கணக்கு வேண்டாம்.

மதுரை கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர் உயரம்கூட இல்லை. லே சுமார் 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான், மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். மறுநாளே ஏறச் சொல்லும் கர்துங் லா 5,359 மீட்டர். அங்கே பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். பாங்காங்கில் தூங்குவது 4,200 மீட்டருக்கு மேல். 2,500 - 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலையேறுகிற பெரியவர்களுக்கே சொல்லும் விதி. பகலில் ஏறி இறங்குவதைவிட இரவு எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

விளாங்குடி_70 | ஜனவரி 4

அண்ணே, நாகமலை அண்ணன் சொல்வதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

மகளுக்கு நாலு வயது இருக்கும்போது போனோம். ஏறக்குறைய இதே திட்டம். லேயில் ஒரே ஒரு இரவு. முதல் நாள் சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தோம். மறுநாள் காலையில் கொஞ்சம் சிணுங்கினாள். தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். கர்துங் லா போய்ச் சேர்ந்ததும் நான் கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பின்னால் பனி, கொடித் தோரணம், கறுப்பாகத் தெரியும் அளவுக்கு நீல வானம். ட்ரைபாடு போட்டு இருபது நிமிடம் நின்றேன். காருக்குத் திரும்பி வந்தால் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுத் துவண்டு மடியில் கிடக்கிறாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள்.

டிரைவர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "கீழே போனால் சரியாகும்" என்று நூப்ரா பக்கம் இறக்கினார். அந்தப் பள்ளத்தாக்கு 3,100 மீட்டர்தான். இறங்க இறங்க முகம் தெளிந்தது. சாயங்காலம் பிஸ்கட் கேட்டாள். அங்கேயே மூன்று நாள் இருந்துவிட்டோம், பாங்காங் போகவில்லை.

அந்த இருபது நிமிடத்தில் எடுத்த படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. இன்றுவரை பிரிண்ட் போடவில்லை. கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நமக்கு வேறு எதுவும் காதில் விழாது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அதை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள்.

தெப்பக்குளம்_செவிலி | ஜனவரி 5

குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள். விளாங்குடித் தம்பி எழுதியதில் ஒரு விஷயத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும்: சாப்பிடவில்லை, சிணுங்கினாள், தூங்கவில்லை. ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் வரும் மலைநோய், பேசத் தெரியாத பிள்ளையிடம் இப்படித்தான் தெரியும். ஆறு வயதுப் பிள்ளை "தலை வலிக்குதுப்பா" என்று சொல்லும். இரண்டரை வயதுப் பையன் சொல்ல மாட்டான். வழக்கத்துக்கு மாறான அழுகை, விளையாட மறுப்பது, சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, வாந்தி. பயண அலுப்பிலும் இதெல்லாம் வரும் என்பதால்தான் ஏமாந்துவிடுகிறோம். 2,500 மீட்டருக்கு மேலே போன பிறகு இப்படி இருந்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஏறக் கூடாது. மோசமாகிறது என்றால் இறங்க வேண்டும். நடக்கும்போது தள்ளாட்டம், எழுப்பினாலும் தெளியாத தூக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, இதில் எது இருந்தாலும் ராத்திரியானாலும் இறங்கிவிட்டு அங்கிருக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பா இறங்குவதற்கு மாற்று ஆகாது.

மலைநோய்க்கு மாத்திரை உண்டு. பிள்ளைக்குக் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை உங்கள் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள். கிளம்பும் வாரத்தில் சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நெஞ்சுச் சளியோடு உயரத்துக்குப் போனால் நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து கூடுகிறது.

இன்னொன்று வெயில். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி முகத்தில் அடிக்கும். குளிராக இருப்பதால் சுடுவதே தெரியாது. பிள்ளைகளுக்கு நல்ல கூலிங் கிளாஸ் வாங்குங்கள். திருவிழாக் கடை பொம்மைக் கண்ணாடி வேண்டாம்.

சிம்மக்கல் | ஜனவரி 5

எல்லோரும் சேர்ந்து அவரை ரொம்பப் பயமுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது. லேயில் பிள்ளைகள் பிறக்கவில்லையா, வளரவில்லையா? என் தங்கை குடும்பம் ஐந்து வயதுப் பையனோடு போய்ப் பிரமாதமாக இருந்துவிட்டு வந்தது. அவர்கள் செய்தது ஒன்றுதான்: முதல் இரண்டு நாள் விடுதியை விட்டு நகரவே இல்லை, பாங்காங்கைத் திட்டத்திலிருந்தே அடித்துவிட்டார்கள்.

படத்துக்காகக் கணவாயெல்லாம் ஏற வேண்டிய தேவையே இல்லை. லே ஊருக்குள் நின்றாலே தெற்கே ஸ்டாக் காங்ரி தெரியும், 6,000 மீட்டருக்கு மேல் உள்ள சிகரம். திக்சே மடம், நிம்மு பக்கத்தில் சிந்துவும் சன்ஸ்காரும் இரண்டு நிறத்தில் கலக்கும் இடம் எல்லாம் பகலில் போய்த் திரும்பும் தூரம். ஆசைப்பட்டவரை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டாம்.

நாகமலை | ஜனவரி 5

சிம்மக்கல், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையின் உடம்பு வேறு, மதுரை வெக்கையிலிருந்து ஒரே விமானத்தில் போய் இறங்கும் பிள்ளையின் உடம்பு வேறு. ஆனால் பாங்காங்கை அடித்துவிட்டு லேயிலேயே இருப்பது என்ற உங்கள் யோசனையை மதிக்கிறேன். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.

இரண்டரை வயதுக்கு என் யோசனை: தூங்குவது தாழ்வாக இருக்கட்டும், பார்ப்பது உயரமாக இருக்கட்டும். இமாசலத்தில் கின்னோர் மாவட்டத்தில் கல்பா என்று ஒரு ஊர். 2,960 மீட்டர். சட்லெஜ் நதிப் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கச் சரிவில் ஊர், அந்தப் பக்கம் நேர் எதிரே கின்னர் கைலாஷ் மலைத்தொடர் 6,000 மீட்டருக்கு மேலே நிற்கிறது. விடுதி மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். மே மாதம் சிகரங்களில் பனி இருக்கும்.

நான் இந்த ஊரைச் சொல்வதற்கு முக்கியமான காரணம் வெளிச்சம். மலைத்தொடர் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அதனால் விடியும்போது சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வரும், சிகரம் நிழலுருவாகத்தான் கிடைக்கும். மாலையில் மேற்கே சாயும் வெயில் நேரே சிகரத்தின் முகத்தில் விழும். ஊர் நிழலுக்குள் போன பிறகும் அந்த வெயில் மேலே நின்றுகொண்டிருக்கும். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் செம்மண் நிறமாகி, கடைசியில் வாடாமல்லிப் பூ நிறத்துக்கு வந்து அணையும். பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்பி ஸ்வெட்டர் மாட்டி இருட்டில் ஜீப் ஏற்ற வேண்டாம். மத்தியானம் தூங்கி எழுந்து பால் குடித்துவிட்டு நன்றாக விளையாடும் நேரத்தில் உங்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கிறது. சின்னப் பிள்ளை வைத்திருக்கும் போட்டோகிராபர் கிழக்கே மலை இருக்கும் ஊராகப் பார்த்துத் தங்க வேண்டும். இதை நான் ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போகும் வழியும் படிப்படியாக ஏறுகிறது. மதுரையிலிருந்து சண்டிகருக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து சிம்லா (2,200), அடுத்து சராகன் (ஏறக்குறைய அதே உயரம், பீமாகாளி கோயில் உள்ள ஊர்), அதற்கடுத்து கல்பா. கல்பாவில் நாலு இரவு போடுங்கள். ஒரே இடத்தில் நாலு மாலை கிடைத்தால் ஒரு மாலையாவது வானம் திறக்கும். நாலு ஊரில் ஒவ்வொரு மாலை என்று வைத்துக்கொண்டால் நாலிலும் மேகம் மூடலாம்.

திருப்பாலை_அப்பா | ஜனவரி 6

எல்லோருக்கும் நன்றி. விளாங்குடித் தம்பி எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அன்றைக்கே டிராவல்ஸுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கல்பா படங்களைத் தேடிப் பார்த்தேன். மனது அங்கேயே நிற்கிறது. இப்போது இரண்டு கேள்வி. பனியை எடுத்தால் சாம்பல் நிறமாக வரும் என்கிறார்களே, எப்படிச் சமாளிப்பது? அப்புறம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடைமுறையில் எப்படித்தான் படம் எடுக்கிறீர்கள்? சின்னவன் ட்ரைபாடு காலைப் பிடித்து இழுப்பான்.

கூடல்நகர்_அக்கா | ஜனவரி 6

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். எனக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒன்றரை வயதிலிருந்து மலைக்குக் கூட்டிப் போகிறேன். பெரும்பாலும் கொடைக்கானல், மேகமலை, மூணாறு.

ட்ரைபாடை வீட்டில் வையுங்கள். இப்போது வரும் கேமராக்களில் ஆட்டத்தைத் தாங்கும் வசதி இருக்கிறது, மாலை வெளிச்சத்தில் கையிலேயே எடுக்கலாம். ட்ரைபாடு விரித்தால் அரை மணி நேரம் அந்த இடத்தில் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். பிள்ளைக்கு அது பிடிக்காது. பாறை ஓரத்தில் விரித்தால் ஆபத்தும்கூட.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கேமரா ஒருவர் கையில் என்றால் பிள்ளை இன்னொருவர் கையில். "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு நகர்வது கிடையாது, "இப்போ உன் கையில்" என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகுதான் கண்ணைக் கேமராவில் வைக்கலாம். விளிம்பு உள்ள இடத்தில் கையைப் பிடித்தே ஆக வேண்டும். யார் முறை என்பது இருபது நிமிடத்துக்கு ஒருதரம் மாறும். திருப்பாலைத் தம்பி, இதைச் சொல்கிறேன் என்று தவறாக நினைக்காதீர்கள்: உங்கள் மனைவிக்கும் அந்த மலையைப் பிள்ளையில்லாத கையோடு பத்து நிமிடம் நின்று பார்க்கும் முறை வர வேண்டும். அதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் 70-200 இருப்பது நல்லது, அதைத்தான் அதிகம் எடுப்பீர்கள். பிள்ளை காரில் தூங்கிவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்மலையின் ஒரு துண்டை எடுக்கலாம். ஒரு மடிப்புக்குப் பின்னால் இன்னொரு மடிப்பு, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று நீலம் வெளுத்துக்கொண்டே போகும் படங்கள் எல்லாம் எனக்கு அப்படிக் கிடைத்தவைதான்.

அப்புறம், பிள்ளைகளைப் படத்துக்கு வெளியே தள்ளாதீர்கள். மலை எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமானால் அளவு காட்ட ஒன்று வேண்டும். பெரிய மேட்டில் சிவப்பு ஸ்வெட்டரோடு ஒரு சின்ன உருவம் முதுகு காட்டி நின்றால் அந்த மலை பேசும். நில் என்று சொல்லாமல் கொஞ்சம் தள்ளிப் போய்க் காத்திருங்கள். குச்சியை எடுக்கும், கல்லை எறியும், எப்படியும் ஒரு நேரம் நிமிர்ந்து மலையைப் பார்க்கும்.

சாப்பாட்டுக்கு இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், மாவடு. மலையில் பசி மந்தமாகும்போது தெரிந்த ருசி இருந்தால் பிள்ளை நாலு வாய் சாப்பிடும்.

நாகமலை | ஜனவரி 7

அக்கா எழுதியதில் ஒரு வரி சேர்க்க எனக்கு இடமில்லை. பனிக்கு வருகிறேன்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், பார்ப்பதையெல்லாம் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்கப் பனி என்றால் "ரொம்ப வெளிச்சம்" என்று நினைத்துக் குறைத்துவிடும். அதனால் எக்ஸ்போஷரை நீங்கள் கூட்ட வேண்டும், ஒரு ஸ்டாப்பிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). திரையில் வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை நெருங்கலாம், முட்டக் கூடாது. கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுங்கள். கல்பாவில் மாலை நேரம் இதற்கு நேர்மாறு: ஊரும் காடும் இருட்டு, சிகரம் மட்டும் வெளிச்சம். அப்போது மீட்டர் இருட்டைப் பார்த்துக் கூட்டிவிடும், சிகரம் வெளுத்துப் போகும். சிகரத்துக்கு மட்டும் அளந்து எடுங்கள். ஒரே நாளில் இரண்டு விதமாகவும் யோசிக்க வேண்டி வரும், குழம்ப வேண்டாம்.

வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் போலரைசர் ஃபில்டரை நம் ஊரில் போடுவது போல் போடாதீர்கள். உயரத்தில் வானம் ஏற்கெனவே ஆழ்ந்த நீலம். லென்ஸை அகலமான 24-இல் வைத்துப் போலரைசரும் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் கறுத்துத் திட்டாகத் தெரியும். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியே இருந்து சூடான அறைக்குள் போகும்போது கேமராவை நல்ல ஜிப் பைக்குள் போட்டு மூடிவிட்டு எடுத்துப் போங்கள். கண்ணாடியில் வேர்க்க வேண்டியது பையின் மேல் வேர்க்கும்.

கிளம்புவதற்கு முன் ஒரு தடவை கொடைக்கானலில் மூன்று நாள் ஒத்திகை பாருங்கள். நம்மிடமிருந்து 120 கிலோமீட்டர், 2,100 மீட்டர் உயரம். கீழே இருக்கும் தூசியும் மங்கலும் எட்டாத தெளிந்த வானத்துக்காகத்தான் 1899-இல் அங்கே சூரிய ஆய்வுக்கூடத்தை வைத்தார்கள். இந்த மாதம் விடிகாலையில் புல்லில் உறைபனியும் கிடைக்கும், எக்ஸ்போஷர் பழக அதைவிட வேறென்ன வேண்டும். கொளுக்குமலைக்கு மட்டும் சின்னவனைக் கூட்டிப் போகாதீர்கள். சூரிய உதயம் அற்புதம்தான், ஆனால் அந்த ஜீப் பாதையின் குலுக்கல் இரண்டரை வயது உடம்புக்கு ஆகாது.

திருப்பாலை_அப்பா | ஜனவரி 27

நாகமலை அண்ணன் சொன்னபடி கொடைக்கானல் போய் வந்தோம். பெரிதாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

இ-பாஸ் முதலிலேயே எடுத்துவிட்டேன். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது பெருமாள்மலைக்குக் கீழேயே சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். உடனே செவிலி அக்கா எழுதியது ஞாபகம் வந்து பயந்தேன். அப்புறம்தான் யோசித்தேன், இன்னும் அவ்வளவு உயரம் வரவில்லை, இது வளைவுகளில் வந்த குமட்டல். நிறுத்தி, இறக்கி, அரை மணி நேரம் நடக்கவிட்டோம், தெளிந்துவிட்டான். எது வளைவால் வருவது, எது உயரத்தால் வருவது என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு பயணத்தில் கற்றுக்கொண்டேன். சிம்லா பாதையில் இது கட்டாயம் உதவும்.

இரண்டாம் நாள் மன்னவனூர். புல்வெளியில் மகள் ஓட ஆரம்பித்தாள், "இப்போ உன் கையில்" என்று மனைவியிடம் சொன்னேன், "சரி" என்றாள். இருபது நிமிடம் எடுத்தேன். பிறகு மாறினோம். அவள் போய்த் தனியாக ஒரு மேட்டில் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது, கல்யாணமான பிறகு மலையில் தனியாக உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்று சொன்னாள். எத்தனையோ பயணம் போயிருக்கிறோம், எனக்கு இது தோன்றியதே இல்லை. அக்காவுக்கு நன்றி என்று எழுதச் சொன்னாள்.

மூன்றாம் நாள் விடிகாலை ஏரிக்கரைக்கு நான் மட்டும் போனேன். புல் முழுக்க வெள்ளை. முதல் படம் அண்ணன் சொன்ன மாதிரியே சாம்பல். ஒன்றேகால் ஸ்டாப் கூட்டியதும் சரியாக வந்தது. ஆனால் எனக்குப் பிடித்த படம் அது இல்லை. முதல் நாள் சாயங்காலம், குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போக நினைத்து, சின்னவன் தூங்கிவிட்டதால் போகாமல் அறை வராந்தாவிலேயே இருந்துவிட்டோம். பள்ளத்தாக்கில் மேகம் ஏறி வந்தது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அப்பா, கடல் வருது" என்றாள். அவள் முதுகும் இரட்டைச் சடையும், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையும். 105-இல் எடுத்தேன். அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன்.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் மே மாதம் கல்பாவுக்குக் கிளம்புகிறோம். சிம்லாவில் ஒன்று, சராகனில் ஒன்று, கல்பாவில் நாலு என்று வைத்திருக்கிறேன். சராகனில் ஓர் இரவு போதுமா, இரண்டா?

சிம்மக்கல் | ஜனவரி 27

இரண்டு போடுங்கள். சிம்லாவிலிருந்து சராகன் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் வளைவுப் பாதை. மறுநாளே திரும்பவும் காரில் ஏற்றினால் சின்னவன் தாங்க மாட்டான். சராகனிலும் ஸ்ரீகண்ட மகாதேவ் சிகரம் எதிரே தெரியும், நாள் வீண் போகாது.

மகளின் படத்தை இங்கே போட வேண்டாம், குழந்தை முகமில்லாவிட்டாலும் வேண்டாம். ஆனால் நேரில் பார்க்க ஆசை.

தெப்பக்குளம்_செவிலி | ஜனவரி 28

நானும் இரண்டு என்றுதான் சொல்வேன். கல்பா போய்ச் சேரும் நாள் எதற்கும் வெளியே கூட்டிப் போகாதீர்கள். அன்றைக்கு மாடியிலிருந்தே எடுங்கள். இரண்டு பிள்ளைகளும் வழக்கமாக ராத்திரி எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எத்தனை தடவை முழிக்கிறார்கள் என்பதை மதுரையிலேயே ஒரு வாரம் குறித்து வையுங்கள். அங்கே போய் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும்.

விளாங்குடி_70 | ஜனவரி 28

பிரிண்ட் வந்ததும் சொல்லுங்கள் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை திருப்பாலை வருகிறேன். என் மகளையும் கூட்டி வருகிறேன், இப்போது அவளுக்கு ஒன்பது வயது. கல்பா பற்றிப் படித்துவிட்டு "நாமும் போகலாமாப்பா" என்று கேட்கிறாள்.